அக்கறையின் பெயரால் சருமத்தைக் கெடுக்கும் பழக்கங்கள்

உடலின் பெரும்பாலான இடங்களில் தோலின் மேலடுக்கு ஒரு தாளைவிட மெல்லியது. இறந்த செல்கள் செங்கற்களாகவும், செராமைடு, கொலஸ்டிரால், கொழுப்பு அமிலங்கள் ஆகிய கொழுப்புப் பொருள்கள் சாந்தாகவும் அமைந்த இந்தச் சுவர்தான் உள்ளிருக்கும் ஈரத்தை வெளியே விடாமலும், வெளியிலிருக்கும் கிருமிகளையும் வேதிப்பொருள்களையும் உள்ளே விடாமலும் காக்கிறது. ஏறத்தாழ நான்கு வாரங்களுக்கு ஒருமுறை மேல்தோல் தன்னைத்தானே புதுப்பித்தும் கொள்கிறது. வயது கூடக்கூட இந்த வேகம் குறையும். நாள்தோறும் நாம் செய்யும் தவறுகளில் பல, இந்தச் சுவரை அழுக்கென்று எண்ணித் தேய்த்தெடுக்க முயல்வதிலிருந்தே பிறக்கின்றன.

முகத்தில் எண்ணெய் வழிகிறது என்பதற்காக ஒரே நாளில் நான்கைந்து முறை சோப்புப் போட்டுக் கழுவுவோர் உண்டு. ஆரோக்கியமான சருமத்தின் மேற்பரப்பு சற்றே அமிலத்தன்மை கொண்டது, அதன் பி.எச். அளவு, அதாவது அமில, காரத் தன்மையைக் காட்டும் எண், ஏறக்குறைய 5. வழக்கமான குளியல் சோப்பின் அளவோ 9 முதல் 10 வரை இருக்கும். இந்த அளவுகோலில் ஒவ்வோர் எண்ணும் பத்து மடங்கைக் குறிப்பது என்பதை நினைவில் கொண்டால், வேறுபாடு எவ்வளவு பெரியது என்பது விளங்கும். கழுவிய பின் தோல் இழுத்துப் பிடிப்பதுபோல் தோன்றுவதைப் பலரும் சுத்தத்தின் அடையாளமாகக் கொள்கிறார்கள். அது சாந்து கரைந்துபோனதன் அறிகுறி. காலையிலும் இரவிலும் ஒருமுறை, மிகுதியாக வியர்த்தால் இன்னொரு முறை, காரத்தன்மை குறைந்த கழுவியால் கழுவுவது முகத்துக்குப் போதும்.

வெந்நீரில் நெடுநேரம் குளிப்பதும் இதே சேதத்தைத்தான் செய்கிறது. வெதுவெதுப்பான நீரில் ஐந்து முதல் பத்து நிமிடங்களுக்குள் குளித்து முடித்து, துவாலையால் ஒற்றியெடுத்து, ஈரம் முழுவதும் காயுமுன் மாய்ஸ்சரைசர் பூசுவது நல்லது. உலர்ந்த பிறகு பூசினால் தேக்கி வைக்க அங்கே ஈரமே இருக்காது. தண்ணீர் நிறையக் குடித்தால் வறண்ட தோல் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையும் பரவலாக இருக்கிறது. போதுமான அளவு நீர் அருந்துபவர், மேலும் பல குவளைகள் குடிப்பதால் மேலடுக்கில் பெரிய மாற்றம் எதையும் காண மாட்டார். ஓட்டையுள்ள பானையில் நீரை ஊற்றிக்கொண்டே இருப்பதைவிட ஓட்டையை அடைப்பதே வழி.

நைலான் நாரால் பல ஆண்டுகள் அழுத்தித் தேய்ப்பவர்களுக்குக் காறை எலும்பு, முதுகு, முழங்கால் போன்று எலும்பு துருத்தியிருக்கும் இடங்களில் கருமை படரும். அதை அழுக்கென்று நினைத்து அவர்கள் மேலும் தேய்க்கிறார்கள்; கருமை மேலும் கூடுகிறது. தேய்ப்பதை நிறுத்தினால், மாதங்கள் பிடித்தாலும், பெரும்பாலும் அது மங்கத் தொடங்கும். முகத்தில் எலுமிச்சைச் சாறு பூசுவதையும் இந்த வரிசையில்தான் சேர்க்க வேண்டும். அதன் பி.எச். அளவு ஏறத்தாழ 2 என்பது ஒருபுறமிருக்க, அதிலுள்ள சில வேதிப்பொருள்கள் வெயில் பட்டதும் வினைபுரிந்து கொப்புளத்தையும் எளிதில் நீங்காத கறையையும் உண்டாக்கக்கூடும். இயற்கையானது என்பதாலேயே ஒரு பொருள் தோலுக்கு இதமாக இருந்துவிடாது.

அளவு மீறிச் செய்யும் தவறுகள் இவை என்றால், வெயிலைப் பொறுத்தவரை நாம் செய்வது மிகக் குறைவு. தோல் சுருங்குவதற்கும் நிறம் திட்டுத்திட்டாக மாறுவதற்கும் முதன்மையான வெளிக்காரணம் புற ஊதாக் கதிர்களே. அவற்றில் தோலைச் சிவக்கவைக்கும் பி வகையைக் கண்ணாடி பெரும்பாலும் தடுத்துவிடும். ஆழமாக ஊடுருவி, தோலுக்கு உறுதி தரும் புரதமான கொலாஜனைச் சிதைக்கும் ஏ வகையைச் சாதாரணக் கண்ணாடி பெரும்பாலும் தடுப்பதில்லை. 28 ஆண்டுகள் லாரி ஓட்டிய 69 வயதுக்காரர் ஒருவரின் படம், 2012-இல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் வெளியானது. ஜன்னல் பக்கமிருந்த இடது கன்னம் மட்டும் தடித்து, ஆழமான சுருக்கங்களுடன், மறுகன்னத்தைவிடப் பல ஆண்டுகள் மூத்ததுபோல் தெரிந்தது. வீட்டுக்குள் ஜன்னலோரம் அமர்ந்து வேலை செய்பவர்களும் இதைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

சன்ஸ்கிரீன் பூசுபவர்கள் செய்யும் பெரிய தவறு அளவில்தான் இருக்கிறது. சன்ஸ்கிரீனின் பாதுகாப்புத் திறனைக் காட்டும் எண்ணான எஸ்.பி.எஃப். 30 என்பது பி வகைக் கதிர்களில் சுமார் 97 விழுக்காட்டையும், 50 என்பது 98 விழுக்காட்டையும் தடுக்கும். எனவே பெரிய எண்ணைத் தேடி அலைவதில் அதிகப் பயனில்லை. ஆனால் அந்த எண், ஒரு சதுர செண்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசிச் சோதித்துப் பெறப்பட்டது. நம்மில் பெரும்பாலோர் அதில் பாதிகூடப் பூசுவதில்லை. ஆள்காட்டி விரல், நடுவிரல் ஆகிய இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கி எடுக்கும் அளவு முகத்துக்கும் கழுத்துக்கும் தேவைப்படும். வெளியில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடியும் பூச வேண்டும். மாநிறத்தவருக்கும் கறுத்த நிறத்தவருக்கும் இது தேவையில்லை என்பது சரியல்ல. அவர்களுக்கு வெயிலால் தோல் கன்றிப்போவது குறைவு என்றாலும், மங்கு போன்ற கருந்திட்டுகள் எளிதில் வரும். வந்தால் எளிதில் போகாது.

புகைப்பழக்கத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை: அது தோலின் இரத்த நாளங்களைச் சுருக்குகிறது, காயம் ஆறுவதைத் தாமதப்படுத்துகிறது. உணவைப் பொறுத்தவரை, எண்ணெய்ப் பண்டங்களையே பழிக்கும் நாம் சர்க்கரையை மறந்துவிடுகிறோம். 2007-இல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வில், இரத்தச் சர்க்கரையை விரைந்து ஏற்றாத உணவை 12 வாரங்கள் உண்ட இளைஞர்களுக்கு, மற்றவர்களைவிட முகப்பரு கூடுதலாகக் குறைந்தது. மன அழுத்தமும் கணக்கில் வரும். தேர்வுக் காலத்தில் மாணவர்களின் பருக்கள் தீவிரமடைவதை 2003-இல் ஓர் அமெரிக்க ஆய்வு பதிவு செய்தது. அந்தப் பருவைக் கிள்ளிவிட்டால், சில நாட்களில் அடங்கியிருக்க வேண்டியது பல மாதக் கரும்புள்ளியாக மாறிவிடும்.

இத்தனையிலும் மிக ஆபத்தானது, யாரோ சொன்னார்கள் என்று ஸ்டீராய்டு கலந்த களிம்பை நிறம் கூட்டுவதற்காக முகத்தில் பூசி வருவது. முதல் சில வாரங்கள் முகம் பளிச்சென்று தெரியும் என்பதால்தான் பலரும் அதைத் தொடர்கிறார்கள். பிறகு தோல் மெலிந்து, இரத்த நாளங்கள் வெளியே தெரிந்து, பருவும் தேவையற்ற முடியும் தோன்றும். நிறுத்தினால் முகம் சிவந்து எரியும் என்பதால் மீண்டும் அதையே பூச நேரிடும். இந்தச் சுழலில் சிக்கியவர்கள் தாமாக எதையும் செய்யாமல் தோல் மருத்துவரை அணுக வேண்டும். போகும்போது அந்த டியூப்பையும் கையோடு எடுத்துச் செல்வது நல்லது. தாங்கள் இத்தனை நாள் பூசியது என்ன மருந்து என்பதே பலருக்குத் தெரிந்திருக்காது.