மாரத்தான் முடிந்ததா? ஒரு தட்டு வெந்தயம் விதையுங்கள்

ஜனவரியில் சென்னையில் மாரத்தான் ஓடியவர்களை மறுநாள் சுலபமாகக் கண்டுபிடித்துவிடலாம். மாடிப்படியில் பின்பக்கமாகத் திரும்பி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்குவார்கள். 42.195 கிலோமீட்டர் ஓடிய தொடை அந்தப் பாடுபடுத்தும். நாலைந்து நாளில் வலி போய்விடும். ஆபத்தே அங்கேதான் ஆரம்பிக்கிறது. வலி போனாலும் தசைக்குள் இருக்கும் நுண்ணிய கிழிசல்கள் ஆற இரண்டு வாரம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். என் முதல் மாரத்தானுக்குப் பிறகு எட்டாவது நாளே லாங் ரன், அதாவது நீண்ட தூர ஓட்டம், போனேன். கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. ஆறு வாரம் வீட்டில்தான்.

அப்புறம் கண்டுபிடித்ததுதான் இந்தக் கீரைக் கணக்கு. வெந்தயத்தை விதைத்தால் மூன்றிலிருந்து நான்கு வாரத்தில் அறுத்துவிடலாம். ஓட்டத்தைக் குறைக்க வேண்டிய காலமும் கிட்டத்தட்ட அதுவே. கீரை அறுக்கும்வரை வேக ஓட்டம் கிடையாது, லாங் ரன் கிடையாது.

ஓடி முடித்த அன்று இரவு. அஞ்சறைப்பெட்டி வெந்தயமே போதும். மூன்று ஸ்பூன் எடுத்துத் தண்ணீரில் ஊறப்போட்டுவிட்டுத் தூங்குங்கள். வலி மாத்திரையை நீங்களாகப் போடாதீர்கள். உடம்பில் நீர் வற்றியிருக்கும்போது சில மாத்திரைகள் சிறுநீரகத்தைப் பாதிக்கும். சிறுநீர் கோலா நிறத்தில் போனால் உடனே ஆஸ்பத்திரி.

மறுநாள். அடியில் ஓட்டை போட்ட ஒரு பழைய பிளாஸ்டிக் டிரே, ஆறு அங்குல ஆழம் இருந்தால் நல்லது. செம்மண், தேங்காய் நார்க்கழிவு, மண்புழு உரம் மூன்றையும் சம அளவில் கலந்து நிரப்புங்கள். ஊறிய வெந்தயத்தை நெருக்கமாகத் தூவி, கால் அங்குலம் மண்ணால் மூடித் தண்ணீர் தெளியுங்கள். குவளையால் ஊற்றினால் விதையெல்லாம் ஒரு மூலைக்குப் போய்விடும், கையால்தான் தெளிக்க வேண்டும். குனிய முடியாவிட்டால் டிரேயை ஸ்டூல் மேல் வையுங்கள். நான் அப்படித்தான் செய்தேன்.

முதல் வாரம். ஓடவே வேண்டாம். மூன்றாம் நாளிலிருந்து இருபது நிமிட நடை போதும். பிரச்சினை காலில் இல்லை, காலை ஐந்து மணியில்தான் இருக்கிறது. மாதக்கணக்கில் பழகிய உடம்பு அலாரம் இல்லாமலே எழுந்துவிடும், போக இடம் இருக்காது, வீட்டில் இருப்பவர்கள்மேல் எரிச்சல் வரும். எழுந்ததும் நேராக டிரேயிடம் போங்கள். மூன்றாம் நாள் முளை எட்டிப்பார்க்கும். வாட்சை மேஜை டிராயரில் போட்டுவிடுங்கள். ஓட்டக் கணக்கைப் பகிரும் ஸ்ட்ராவா ஆப்பில் மற்றவர்கள் ஓடியதைப் பார்த்துக்கொண்டிருந்தால் கீரையாவது ஒன்றாவது.

இப்படி ஓடாமல் இருந்தால் பயிற்சியெல்லாம் போய்விடுமா என்று கேட்பீர்கள். ரத்தத்தில் நீர்ப்பகுதி கொஞ்சம் குறையும், அதனால் முதல் ஓட்டத்தில் மூச்சு வாங்கும். மறுபடி ஓட ஆரம்பித்ததும் அது சீக்கிரமே திரும்பிவிடும்.

இரண்டாம் வாரம். மூன்று நாள், நாளுக்கு இருபது முப்பது நிமிடம், பக்கத்தில் ஓடுபவரிடம் கதை பேசும் வேகத்தில். காலையில் படுக்கையிலிருந்து எழும் முன் நாடித்துடிப்பை எண்ணுங்கள். வழக்கத்தைவிட ஏழெட்டு கூடுதலாக இருந்தால் அன்றைக்கும் ஓய்வுதான். லாங் ரன் இல்லாததால் ஞாயிற்றுக்கிழமை காலி. எங்கள் வீட்டில் பரண்மேல் கிடந்த கேரம் போர்டு இறங்கியது. போரிக் பவுடர் தூவி உட்கார்ந்தால் மதியச் சாப்பாடு வரை நகரமாட்டோம். அக்கா மகளிடம் தொடர்ந்து ஐந்து ஆட்டம் தோற்றேன்.

ஒரு எச்சரிக்கை. ஓட்டக்காரர்களுக்கு எதையும் டார்கெட் ஆக்கும் புத்தி உண்டு. ஒரு டிரே முளைத்ததும் செடி வளர்க்கும் குரோ பேக் இருபது வாங்காதீர்கள். மண் மூட்டையை நாலு மாடி தூக்கினால் அது ஓய்வு இல்லை.

மூன்றாம், நான்காம் வாரம். வழக்கமாக ஒரு வாரத்தில் ஓடும் தூரத்தில் மூன்றாம் வாரம் பாதி, அடுத்த வாரம் முக்கால். சாப்பாட்டையும் அதற்கேற்பக் குறையுங்கள். பசி மட்டும் மாரத்தான் கணக்கிலேயே இருக்கும்.

போன தடவை எனக்கு 24ஆம் நாள் கீரை தயாரானது. அரை அடி உயரம், பூ வரும் முன். வேரோடு பிடுங்காமல் ஓர் அங்குலம் விட்டு நறுக்கினேன். பாசிப்பருப்போடு கூட்டு வைத்தோம், நாலு பேருக்குச் சரியாக இருந்தது. மறுநாள் காலை ஐந்து மணிக்கு ஷூவைத் தேடினால், ஷூவுக்குள் யாரோ கேரம் காய்களைப் போட்டு வைத்திருந்தார்கள்.