இடது கைப் பிள்ளைக்கு எழுதப் பழக்குவது எப்படி

பத்தில் ஒருவர் இடது கைக்காரர். “பீச்சாங்கையால எழுதாதே” என்று கையைத் தட்டிவிட்டால் எழுத்து மெதுவாகும், கை வலிக்கும். மற்ற பிள்ளைகளைப் போல் இருக்கவேண்டும் என்று குழந்தை நோட்டையே மறைக்கத் தொடங்கும். கையை மாற்றாதீர்கள், நோட்டை மாற்றி வையுங்கள்.

நோட்டை உடம்பின் நடுவில் வைக்காமல் சற்று இடப்பக்கம் தள்ளி வையுங்கள். மேல்விளிம்பு வலப்பக்கம் சாயும்படி, சுமார் 30 டிகிரி திருப்புங்கள். கீழ் வலது மூலை வயிற்றைப் பார்த்திருக்கும். இதைச் செய்யாவிட்டால்தான் குழந்தை மணிக்கட்டைக் கொக்கி மாதிரி வளைத்து, மேலிருந்து எழுதும். அது பழகிவிட்டால் திருத்துவது கடினம்.

பென்சிலை முனையிலிருந்து 3 செ.மீ. மேலே பிடிக்கட்டும். அங்கே ஒரு ரப்பர் பேண்ட் சுற்றிவிட்டால் விரல் கீழே இறங்காது, எழுதிய எழுத்தும் கண்ணில் படும். மை பேனா வேண்டாம். பின்னால் வரும் கை ஈர மையை இழுத்துவிடும். சுருள் கம்பி நோட்டும் கையை உறுத்தும்.

வகுப்பில் பெஞ்சின் இடது ஓரத்தில் உட்காரவைக்கச் சொல்லி ஆசிரியரிடம் கேளுங்கள், முழங்கை இடிக்காது. கத்தரிக்கோல் மட்டும் இடது கைக்கென்றே செய்ததாக வாங்குங்கள். சாதாரணக் கத்தரியில் வெட்டும் கோட்டை அலகு மறைத்துவிடும்.

சொந்தக்காரர்கள் கேட்டால் குழந்தையின் எதிரிலேயே, “இவளுக்கு எழுதுற கை இதுதாங்க” என்று சொல்லுங்கள். சச்சின் டெண்டுல்கரும் எழுதுவது இடது கையில்தான்.