கோய் மீனுக்கு மருந்து ஊற்றும் முன்: மலையகத்தில் நாம் விடும் பிழைகள்

அலங்காரக் கெண்டையான கோய் மீன் தொட்டிச் சுவரில் உடம்பை உரசத் தொடங்கியதும் கடைக்கு ஓடி ஒரு மருந்துப் போத்தலோடு திரும்புகிறோம். முதல் பிழை அதுதான். ஒட்டுண்ணி இருந்தால் மட்டுமல்ல, மீனின் கழிவில் வரும் அமோனியா ஏறினாலும், பி.எச். (நீரின் அமில-கார அளவு) இறங்கினாலும் மீன் உரசும். அப்படி ஏற்கெனவே செவுள் புண்பட்ட மீனுக்கு மருந்து இன்னொரு அடி. ஆகவே முதலில் தண்ணீரைச் சோதித்துப் பாருங்கள்.

மலை ஊற்றிலிருந்து வரும் நம் பீலித் தண்ணீர் பார்க்கக் கண்ணாடி போலத் தெளிவு. ஆனால் பெரும்பாலான இடங்களில் அதில் சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு. பி.எச். விழாமல் தாங்குவது நீரின் காரத்தன்மை. ஃபில்டரில் வாழும் பாக்டீரியாக்கள் அமோனியாவை மாற்றும்போது அதையும் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழிக்கின்றன. மழை நாட்கணக்கில் கொட்டும்போது மிச்சமும் கரைந்து, ஒரே இரவில் பி.எச். சரிந்துவிடலாம். சிப்பி ஓட்டை வலைப்பையில் கட்டி ஃபில்டருக்குள் போட்டு வையுங்கள். அவசரத்துக்கு அப்பச்சோடா உதவும்: 1000 லீட்டருக்கு 30 கிராம் கரைத்துவிட்டால் காரத்தன்மை லீட்டருக்குச் சுமார் 18 மில்லிகிராம் கூடும். அமோனியா இருக்கும்போது மட்டும் அள்ளிக் கொட்டிவிடாதீர்கள். பி.எச். ஏற ஏற அமோனியாவின் நஞ்சும் ஏறும். முதலில் தண்ணீரில் ஒரு பங்கை மாற்றிவிட்டுப் பிறகு சோடாவைச் சிறிது சிறிதாக விடுங்கள்.

என்னை மிகவும் வருத்துவது, மருந்தைப் பாதியில் நிறுத்தும் பழக்கம். வெள்ளைப்புள்ளி ஒட்டுண்ணி மீனின் தோலுக்குள் இருக்கும்வரை மருந்து அதைத் தொடாது. தோலை விட்டு விழுந்து, தொட்டியின் அடியில் ஒட்டிப் பெருகி, அதன் குஞ்சுகள் மீனைத் தேடி நீந்தும் அந்தச் சிறிது நேரத்தில்தான் அது சாகும். 25 பாகை நீரில் இந்தச் சுற்று ஏறக்குறைய ஒரு வாரத்தில் முடியும். நுவரெலியாக் குளிரில், நீர் 15 பாகையை ஒட்டி நிற்கும்போது வாரக்கணக்கில் இழுக்கும். போத்தலில் எழுதியிருக்கும் நாள் கணக்கு பெரும்பாலும் சூடான ஊர்களுக்கானது. புள்ளி மறைந்தது என்று நானும் ஒருமுறை நிறுத்தினேன். அடுத்த மாதம் இரண்டு பெரிய மீன்களை இழந்தேன்.

உப்பு நல்லதுதான், ஆனால் எல்லாவற்றுக்கும் அது மருந்தல்ல. 1000 லீட்டருக்கு 3 கிலோவை இரண்டு மூன்று நாளில் பிரித்துக் கரைத்து விட்டாலும் மீனின் தோலில் குத்தி நிற்கும் ஒட்டுண்ணியான நங்கூரப் புழு அசையாது. ஃபில்டரில் சியோலைட் கல் இருந்தால் உப்புப் போடும் முன் எடுத்துவிடுங்கள். பிடித்து வைத்த அமோனியாவை உப்பு நீரில் அது திரும்பக் கக்கும்.

கொண்டீஸ் எனப்படும் பெர்மாங்கனேட்டைக் கரண்டிக் கணக்கில் போடுவது ஆபத்து. நீளம், அகலம், ஆழம் மூன்றையும் மீற்றரில் பெருக்கினால் எத்தனை ஆயிரம் லீட்டர் என்று தெரியும். ஆயிரத்துக்கு 2 கிராம், தராசில் நிறுத்து. காற்று மோட்டர் நிற்காமல் ஓட வேண்டும். இன்னொரு மீன் மருந்தான ஃபோர்மலினோடு ஒருபோதும் சேர்க்கக் கூடாது.

ஃபில்டர் பஞ்சைக் குளோரின் கலந்த குழாய் நீரில் கழுவாதீர்கள், பாக்டீரியா செத்துவிடும். தொட்டியிலிருந்தே ஒரு வாளி நீர் எடுத்து அலசினால் போதும்.

புதிய மீனை இந்தக் குளிரில் குறைந்தது ஒரு மாதமாவது தனித் தொட்டியில், தனி வலையோடு வைத்துப் பாருங்கள். தேயிலை மலைக்குக் கீழே தொட்டி கட்டியவர்கள் கரையை ஒரு சாண் உயர்த்துங்கள். களைநாசினி அடித்த அன்று மழை பெய்தால், கானில் வழிந்து வரும் தண்ணீர் நேரே மீனிடம்தான் வந்து சேரும்.