வேர்க்கடலைப் புழுவுக்குப் பெயர் எழுதும் முன்

கடலோரச் சேற்றுமணலைத் தோண்டி எடுக்கும் வேர்க்கடலைப் புழு, கை பட்டவுடனே தன் முன்பகுதியை உடலுக்குள் இழுத்துக்கொண்டு, ஓட்டோடு கூடிய கடலையைப் போலத் தடித்துச் சுருண்டுவிடும். அந்த நிலையில் எடுத்த படத்தை மட்டும் நம்பிச் சிற்றினப் பெயரை எழுதுவதே பலரும் செய்யும் தவறு. ஏனெனில் அடையாளத்துக்குத் தேவையான உணர்நீட்சிகளும் நுண்கொக்கிகளும் உள்ளே போய்விட்ட ‘இன்ட்ரோவர்ட்’ என்னும் அந்த முன்பகுதியில்தான் இருக்கின்றன.

கடல் அட்டை எனப்படும் சிறு கடல் வெள்ளரியையும், கரண்டிப் புழு என்னும் வேறொரு கடற்புழுவையும் இதுவென்று எண்ணிவிடுவதும் உண்டு. வேர்க்கடலைப் புழுவுக்கு உடற்கண்டங்களும் முள்மயிர்களும் இல்லை. மலத்துளை பின்நுனியில் அல்லாமல், பெரும்பாலும் நடுவுடலின் முன்புறத்தில், முதுகுப் பக்கமாக இருக்கும்.

பிடித்த புழுவை நேராக ஃபார்மலினில் போடுவதுதான், என் கணிப்பில், திருத்தவே முடியாத பிழை. அது சுருங்கியபடியே விறைத்துவிடும். பிறகு இன்ட்ரோவர்ட்டை வெளியே எடுக்க உடலைக் கிழிப்பதைத் தவிர வழியில்லை. 7.5 சதவீத மெக்னீசியம் குளோரைடு கரைசலைக் கடல்நீருடன் சம அளவில் கலந்து, அதில் புழுவைத் தளரவிட்டு, தொட்டாலும் அசையாத நிலை வந்தபின் பதப்படுத்த வேண்டும். ஃபார்மலின் டிஎன்ஏவைச் சிதைப்பதால், ஒரு சிறு திசுத்துண்டை முன்கூட்டியே 95 சதவீத எத்தனாலில் எடுத்து வைப்பது நல்லது. நிறம் மங்கிவிடும் என்பதால் படம் உயிருடன் இருக்கும்போதே எடுக்கப்பட வேண்டும்.

வெளித்தோற்றம் மட்டும் போதாது. உடலைக் கீறி, இன்ட்ரோவர்ட்டை உள்ளிழுக்கும் தசைகள் எத்தனை, கழிவுநீக்கக் குழல்கள் ஒன்றா இரண்டா, உடற்சுவரின் நீள்தசை பட்டைகளாகப் பிரிந்துள்ளதா என்று பார்த்தாக வேண்டும். ஆஸ்பிடோசைஃபன் என்னும் வேர்க்கடலைப் புழுப் பேரினத்தில் உள்ளிழுக்கும் தசைகள் 2, சிபுன்குலஸ் என்னும் பேரினத்தில் 4. சிபுன்குலஸில் நீள்தசைப் பட்டைகளும் வட்டத்தசைப் பட்டைகளும் குறுக்கிடுவதால் தோல் கட்டம் போட்ட துணியைப் போலத் தெரியும்.

ஆனால் கட்டம் தெரிந்ததுமே ‘சிபுன்குலஸ் நூடஸ்’ என்று எழுதிவிடக் கூடாது. லின்னேயஸ் 1766இல் சூட்டிய அப்பெயர் உலகின் பல கடல்களிலும் தாராளமாகப் பயன்பட்டு வந்தது. கவாவுச்சியும் ஜிரிபெட்டும் 2014இல் வெளியிட்ட ஆய்வோ, அப்பெயருக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட சிற்றினங்கள் மறைந்திருப்பதைக் காட்டியது. உறுதியில்லாதபோது பேரினத்தோடு நிறுத்திக்கொள்வது குறைபாடன்று.

பதிவில் இடம், நாள், ஆழம் ஆகியவற்றோடு வாழிடத்தையும் குறிக்க வேண்டும். ஃபாஸ்கோலியன் ஸ்ட்ரோம்பஸ் போன்ற வேர்க்கடலைப் புழுக்கள் வெற்றுச் சங்குகளுக்குள் வாழ்வதால், சங்கை எறிந்துவிட்டுப் புழுவை மட்டும் வைத்துக்கொண்டால் பாதிச் செய்தி போய்விடும். விவரச்சீட்டைப் பென்சிலால் எழுதிக் குப்பிக்கு உள்ளேயே போட வேண்டும். பால்பாயிண்ட் மை எத்தனாலில் கரைந்துவிடும்.