பெயர் எழுதிய பக்கத்தில் பிளேடு வைக்காதீர்கள்

பழைய புத்தகம் விற்க இப்போது கடைகூட வேண்டாம். ஒரு போன், ஒரு வாட்ஸ்அப் குழு, வீட்டு ஹாலில் நாலு அட்டைப்பெட்டி இருந்தால் தொழில் தொடங்கிவிடலாம். திருவல்லிக்கேணியில் என் கடைக்கு வரும் இளைஞர்களில் சிலர் புத்தகம் வாங்க வருவதில்லை, தொழில் கேட்க வருகிறார்கள். சொல்லிக் கொடுப்பதில் எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் நடைபாதையில் சாக்கு விரித்த காலத்தில் நாங்கள் எல்லோரும் செய்த அதே கோளாறுகளை இவர்களும் வரிசையாகச் செய்வதைப் பார்க்கத்தான் பொறுக்கவில்லை. மழைக்கு பிளாஸ்டிக் ஷீட், சில்லறைக்குத் தனி டப்பா, இதெல்லாம் ஒரு வாரத்தில் தானாகப் புரிந்துவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

மொத்தமாக எடுப்பது

"வீட்டைக் காலி செய்கிறோம், ஞாயிற்றுக்கிழமைக்குள் எடுத்துக்கொள்ளுங்கள்" என்று போன் வரும். புதியவர்கள் பீரோவின் முன்வரிசையைப் பார்த்துவிட்டு மொத்தத்துக்கும் ஒரு விலை சொல்லிவிடுவார்கள். பின்வரிசையில் சட்டத் தீர்ப்புத் தொகுதிகளும் பழைய மருத்துவப் பாடநூல்களும் இருக்கும். ஆட்டோ வாடகைக்குக்கூடத் தேறாது. கீழ்த்தட்டுப் புத்தகங்களின் முதுகை விரலால் அழுத்திப் பாருங்கள். உள்ளே பொக்கென்று போனால் கரையான். அந்தத் தட்டைத் தொடாமல் விடுங்கள், இல்லாவிட்டால் உங்கள் வீட்டுக்கும் அது வரும்.

விற்கக்கூடியதைப் புத்தகக் கணக்கிலும் மற்றதை எடைக்கும் தனித்தனியாகப் பேசுங்கள். நல்ல பிரதி ஏதாவது கண்ணில் பட்டால் அந்த வீட்டாரிடம் சொல்லிவிட்டே விலை பேசுங்கள். அவர்களுடைய அக்கா, மச்சான் வீட்டிலும் புத்தகம் இருக்கும்.

பாடப்புத்தகத்தைச் சேர்த்து வைப்பது

பழைய பேப்பர் கடையில் பாடப்புத்தகம் மலிவாகக் கிடைக்கிறது என்று மூட்டை மூட்டையாக அள்ளாதீர்கள். 2018-19இல் 1, 6, 9, 11ஆம் வகுப்புகளுக்குப் புதிய பாடத்திட்டம் வந்தது, மறு ஆண்டு மற்ற வகுப்புகளுக்கு. மூட்டை வைத்திருந்தவர்கள் எடைக்குத்தான் போட்டார்கள். இன்ஜினியரிங்கில் அண்ணா பல்கலைக்கழகத்தின் 2013, 2017, 2021 என்று ரெகுலேஷன், அதாவது பாடத்திட்டம், மாறிக்கொண்டே இருக்கிறது. எந்த ரெகுலேஷன் என்று மாணவன் கேட்பான், அட்டையைப் பார்த்துப் பதில் சொல்லத் தெரிய வேண்டும். ஒரு விதிவிலக்கு உண்டு: பழைய சமச்சீர்ப் புத்தகங்களை டிஎன்பிஎஸ்சிக்குப் படிப்பவர்கள் இன்னும் தேடி வருகிறார்கள். முழு செட்டாக இருந்தால் மட்டும் எடுங்கள்.

பெயர் எழுதிய பக்கம்

இதைப் பற்றிப் பேசினால் எனக்கு இன்னும் கோபம் வருகிறது. அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

அண்மையில் ஒரு தம்பி ஒரு பெட்டியைக் கொண்டுவந்து காட்டினான். காலிகோ துணி ஒட்டிய அட்டை, முதுகில் தங்க எழுத்து, நல்ல கனமான தாள். பிரித்தால் நேராக முன்னுரை. தலைப்புப் பக்கம் இல்லை. அடுத்த புத்தகத்திலும் இல்லை. தையலை ஒட்டி ஸ்கேல் வைத்து பிளேடால் அத்தனை சுத்தமாக அறுத்திருந்தான்.

"பேரு எழுதியிருந்துச்சுண்ணே. இன்னொருத்தர் பேரு இருந்தா யார் வாங்குவா?" என்றான்.

முதலில் பைண்டிங்கைப் பாருங்கள். தைத்த புத்தகத்தில் பதினாறு பக்கம் ஒரு ஃபாரம், அதாவது எட்டுத் தாள். இரண்டாவது தாளும் ஏழாவது தாளும் ஒரே காகிதம், நடுவில் மடித்துத் தைத்தது. தலைப்பு இருக்கும் 3-4ஆம் பக்கத்தை அறுத்தால் 13-14ஆம் பக்கத்துக்குப் பிடிமானம் போய்விடுகிறது. வாங்கியவர் வீட்டில் நாலு தடவை புரட்டினால் அது கையோடு வந்துவிடும். மறுநாள் கடை வாசலில் நிற்பார்.

அதைவிடப் பெரிய நஷ்டம் அந்தத் தாளின் பின்பக்கத்தில். முதற்பதிப்பா, நாலாம் பதிப்பா, எந்த ஆண்டு, எந்த அச்சகம், அன்றைய விலை என்ன என்பதெல்லாம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். முதற்பதிப்பு தேடுகிறவரும் ஆராய்ச்சி மாணவரும் முதலில் புரட்டுவது அதைத்தான். அது இல்லாவிட்டால் அவர்களுக்கு அது பக்கம் குறைந்த பிரதி, அவ்வளவுதான். கதை முழுதாக இருக்கிறது என்று நீங்கள் வாதாடலாம். கதை மட்டும் வேண்டுமென்றால் புதுப்பதிப்பு வாங்கிக்கொள்ள மாட்டார்களா?

சரி, பெயர் தனியாக வெள்ளைத்தாளில்தானே இருக்கிறது, அதையாவது கிழிக்கலாமா என்று கேட்பீர்கள். அதையும் கூடாது. பழைய நூல்கள் சிலவற்றில் ஆங்கில ஆண்டு இருக்காது, தமிழ் வருடம் மட்டும் போட்டிருப்பார்கள். 'விசுவாவசு வருடம்' என்று இருந்தால் அது 1905ஆகவும் இருக்கலாம், 1965ஆகவும் இருக்கலாம், அறுபது வருடச் சுழற்சி. எழுத்தை வைத்தும் தீர்மானிக்க முடியாது. தும்பிக்கை போல வளைந்த பழைய 'லை', 'னை' எல்லாம் 1978இல் அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்கும்வரை சாதாரணமாகப் புழங்கியவைதான். அந்த நேரத்தில் முன்தாளில் யாரோ ஒரு வாத்தியார் கையெழுத்துப் போட்டு '12-3-1911' என்று எழுதியிருந்தால் சந்தேகம் தீர்ந்தது. அந்த ஒரு வரியை வைத்துத்தான் விலையே நிற்கிறது. அதைத்தான் அறுத்துக் குப்பையில் போடுகிறோம்.

அந்தத் தம்பியின் பெட்டியில் ஒரு புத்தகத்தில் பாதித் தாள் மட்டும் தப்பியிருந்தது. "அன்பு நண்பருக்கு" என்று நீல மையில். யார் கொடுத்தது, யாருக்கு, எல்லாம் கீழ்ப்பாதியில் போய்விட்டது. எழுதியவர் நூலாசிரியரா என்று இனி யாரும் சொல்ல முடியாது. எங்கே அந்தத் தாள் என்று கேட்டேன். "கூட்டிப் போட்டாச்சுண்ணே."

பெயர் அப்படியே இருக்கட்டும். வாங்குகிறவர் முகம் சுளித்தால் பத்து ரூபாய் குறைத்துக்கொடுங்கள். விலையைக் கடைசித் தாளின் மூலையில் பென்சிலால் எழுதுங்கள், பால்பாயிண்ட் வேண்டாம். ஓரத்து அழுக்கை உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். பைண்டிங்குக்குக் கொடுத்தால் 'கட்டிங் வேண்டாம்' என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் பைண்டர் மூன்று பக்கமும் வெட்டி, ஓரத்தில் எழுதிய குறிப்பில் பாதியைக் கழித்துத்தான் தருவார். அவர்மேல் தப்பில்லை, அவருக்கு அதுதான் சுத்தம்.

செல்லோ டேப்

ஒட்டாதீர்கள்.

உள்ளே கிடக்கும் காகிதங்கள்

கல்யாணப் பத்திரிகை, நாடக நோட்டீஸ், டிராம் டிக்கெட். உதறிப் போடாமல் ஒரு கவரில் போட்டு வையுங்கள். கோட்டையூர் ரோஜா முத்தையா புத்தகத்தோடு இந்த மாதிரி அழைப்பிதழ்களையும் துண்டுப் பிரசுரங்களையும் சேர்த்து வைத்தார். விளம்பரப் பலகை எழுதும் ஓவியர் அவர். 1992இல் அவர் இறந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்க, 1994இல் அது சென்னையில் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகமானது. நம்மிடம் அந்த அளவுக்கு வராது. ஆனால் பழைய சினிமா பாட்டுப் புத்தகத்துக்கே ஆள் இருக்கிறது.

நூலக முத்திரை

கழித்துவிட்டதாக இன்னொரு முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வாங்காதீர்கள். திருட்டுப் பொருள் என்று தெரிந்தும் வாங்கி வைத்திருப்பது பாரதிய நியாய சன்ஹிதா 317ஆம் பிரிவில் குற்றம். 'தெரியாது' என்று சொல்ல முத்திரையே விடாது.

திருட்டுப் பதிப்பு

அசல் பிரதியை மறுவிற்பனை செய்வதில் பிரச்சினை இல்லை. மங்கலான அச்சும் கோணல் ஓரமுமாக, அட்டை மட்டும் பளபளவென்று இருப்பதை அடுக்கி வைத்தால், 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டுவரை சிறை. பக்கத்துக் கடையில் விற்கிறார்களே என்பது பதிலாகாது.

தபால் செலவை எடை போடாமல் சொல்வது

போனில் "தபால் செலவோடு இருநூறு" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு, கவுன்ட்டரில் முழிக்கிறார்கள். புத்தகத்துக்கென்று இருந்த மலிவான பதிவுத் தபால் 2024 டிசம்பரில் நின்றுபோனது. 2025 மே மாதம் 'ஞான் போஸ்ட்' வந்திருக்கிறது: 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோவுக்கு 100, வரி தனி. ஆனால் எல்லாப் புத்தகத்துக்கும் செல்லாது. பாடநூல், பண்பாடு, சமயம் சார்ந்தவை போன்றவற்றுக்குத்தான். பதிப்பாளர் அல்லது அச்சகத்தின் பெயரும் புத்தகத்தில் இருக்க வேண்டும். கவுன்ட்டரில் இருப்பவரிடம் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள், அவர் நாவலை ஏற்றுக்கொள்கிறாரா இல்லையா என்று. சமையலறைத் தராசு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். அட்டை, பபிள் ஷீட், டேப் எல்லாம் சுற்றிய பிறகு நிறுத்துப் பார்த்துவிட்டு, அப்புறம் விலை சொல்லுங்கள்.