உங்களுக்குக் கீழே யாரும் இல்லை, ஆனாலும் புராஜெக்ட் முடிய வேண்டும்: என்ன செய்யலாம்?

புராஜெக்ட் உங்கள் பொறுப்பு. அதில் வேலை செய்கிறவர்களோ வேறு வேறு மேனேஜர்களுக்குக் கீழே இருப்பவர்கள். அவர்களுடைய லீவு, அப்ரைசல், சம்பள உயர்வு எதுவும் உங்கள் கையில் இல்லை. எனக்கு முதன்முறை இப்படி ஒரு பொறுப்பு வந்தபோது தினமும் "முடிஞ்சுதா?" என்று எல்லோருக்கும் மெசேஜ் அனுப்பினேன். இரண்டே வாரத்தில் பதில் வருவதே நின்றுபோனது.

பிறரைச் செயல்பட வைக்கும் பலங்களை 1959-இல் ஜான் ஃபிரெஞ்ச், பெர்ட்ரம் ரேவன் என்ற உளவியலாளர்கள் ஐந்தாகப் பிரித்தார்கள்: பதவி, வெகுமதி, தண்டனை, நிபுணத்துவம், நன்மதிப்பு. 1965-இல் ரேவன் தகவலையும் சேர்த்தார். முதல் மூன்றும் மேனேஜரிடம் இருக்கும். மற்ற மூன்றும் யாரும் கொடுக்காமலே நீங்கள் சம்பாதிக்கக்கூடியவை.

படி 1: தனித்தனியாகப் பேசுங்கள்

வேலையைப் பிரிப்பதற்கு முன்பே ஒவ்வொருவரோடும் அரைமணி நேரம் உட்காருங்கள். இப்போது கையில் என்னென்ன வேலை இருக்கிறது, இதற்கு வாரத்தில் எத்தனை மணி நேரம் ஒதுக்க முடியும், இதில் எதைக் கற்றுக்கொள்ள ஆசை என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்குப் பதில் உடனே வராது, காத்திருங்கள். "ரிப்போர்ட் எழுதி எழுதி அலுத்துப்போச்சு, கஸ்டமர்கிட்ட நேர்ல பேசணும்" என்று ஒருவர் சொன்னால், டெமோ காட்டும் வேலையை அவரிடமே கொடுங்கள். அதை நினைவூட்ட வேண்டிய தேவை அநேகமாக வராது. இந்தப் படியைத் தாண்டிக் குதித்தால் மற்றவை பலிக்காது என்பது என் அனுபவம்.

படி 2: நேரத்தைக் கேட்டு வாங்குங்கள்

"வாரம் ஆறு மணி நேரம், நான்கு வாரத்துக்கு" என்று ஒவ்வொருவருடைய மேனேஜரிடமும் மெயிலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். இல்லாவிட்டால் இரண்டு பக்க இழுபறியில் நசுங்குவது வேலை செய்கிறவர்தான்.

படி 3: காரணத்தைச் சொல்லுங்கள், வழியை அவரிடம் விடுங்கள்

"புதனுக்குள்ள டெஸ்டிங் முடியணும்" என்று நிறுத்தாதீர்கள். "வெள்ளிக்கிழமை பயிற்சி தொடங்குது, புதன் முடிஞ்சாதான் தப்புகளைத் திருத்த ஒரு நாள் கிடைக்கும்" என்று சொல்லுங்கள். எப்படி முடிப்பது என்பது அவர் முடிவு.

படி 4: முட்டுக்கட்டையை நீங்கள் அகற்றுங்கள்

வராத அனுமதி, கிடைக்காத பாஸ்வேர்டு, பதில் தராத இன்னொரு டீம் ஆகியவற்றின் பின்னால் ஓடுவது உங்கள் வேலை. நன்மதிப்பு சேர்வது பெரும்பாலும் இங்கேதான்.

படி 5: பெயர் சொல்லிப் பாராட்டுங்கள்

"நல்ல வேலை" போதாது. என்ன செய்தார், அதனால் என்ன நடந்தது என்று இரண்டு வரி எழுதி, அன்றே அவருடைய மேனேஜருக்கும் அனுப்புங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒருவரிடம் வேலை தேங்கினால், மீட்டிங்கில் எல்லோர் முன்பும் கேட்காதீர்கள். தனியே கூப்பிட்டு "எங்க சிக்கியிருக்கு?" என்று விசாரியுங்கள். அவருடைய மேனேஜர் வரை போக வேண்டி வந்தால், போவதற்கு முன் வேலை தேங்கியவரிடமே சொல்லிவிடுங்கள்.