மலையுச்சி அளவைக் கல்லைத் தேடுவோர் செய்யும் தவறுகள்

சிங்கப்பூரில் நிலத்தை அளந்தவர்கள் குன்றுகளின் உச்சியில் அடையாளமாகப் பதித்த பழைய அளவைக் கல்லைத் தேடிப் போய் வெறுங்கையோடு திரும்புகிறவர்கள் பெரும்பாலும் காட்டில் தவறுவதில்லை; கிளம்பும் முன்னரே, வரைபடத்தில் தவறிவிடுகிறார்கள்.

முதல் தவறு, அந்தக் குன்று இன்னமும் இருக்கிறது என்று நம்பிவிடுவது. வாலிச் குன்றின் மண் தெலுக் ஆயர் விரிகுடாவைத் தூர்க்கப் போனது. பிடோக் குன்றுகள் கிழக்குக் கடற்கரை நிலமீட்புக்குப் போயின. புக்கிட் தீமாவின் ஓரங்களைக் கருங்கல் குவாரிகள் வெட்டியெடுத்துவிட்டன. தேசிய ஆவணக் காப்பகத்தின் பழைய வரைபடத்தை இன்றைய செயற்கைக்கோள் படத்தோடு வைத்துப் பாருங்கள். உச்சி இருந்த இடத்தில் அடுக்குமாடி வீடுகள் நின்றால் தேடலை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

அடுத்தது ஆயத்தொலைவு, அதாவது இடத்தைக் குறிக்கும் எண்கள். இதில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். பழைய வரைபடங்களின் அட்ச, தீர்க்க ரேகைகள் பெரும்பாலும் கெர்த்தாவ் ஆதாரம் என்ற பழைய அளவை அடிப்படையின்படி குறிக்கப்பட்டவை; ஜிபிஎஸ்ஸின் அடிப்படை வேறு. அவற்றை மாற்றாமல் கைபேசி ஜிபிஎஸ்ஸில் இட்டால், உண்மையான இடத்துக்குச் சுமார் 200 மீட்டர் கிழக்கே போய் நிற்பீர்கள். சிறு குன்றென்றால் அது அடுத்த சரிவு. 2004இல் நடைமுறைக்கு வந்த எஸ்விஒய்21 என்ற சிங்கப்பூர் ஆயத்தொலைவு முறையில் வேறொரு கண்ணி உண்டு. வடக்கு, கிழக்கு இரண்டுமே மீட்டரில், ஏறத்தாழ ஒரே அளவு எண்களாக இருக்கும். பியர்ஸ் நீர்த்தேக்கம் அருகிலுள்ள அதன் தொடக்கப் புள்ளிக்கு வடக்கு 38744.572, கிழக்கு 28001.642. இரண்டையும் இடம் மாற்றி இட்டால் புள்ளி கிழக்குக் கடற்கரைக்கு அப்பால் கடலில் விழும். திசைகாட்டிக்கு மட்டும் கவலை வேண்டாம்: இங்கே காந்த விலகல், அதாவது திசைகாட்டி காட்டும் வடக்குக்கும் உண்மையான வடக்குக்கும் உள்ள கோணம், ஒரு டிகிரிக்கும் குறைவு. வெளிநாட்டுக் கையேடுகள் சொல்லும் திருத்தம் தேவைப்படாது.

அனுமதி விஷயத்தில் அலட்சியம் கூடாது. இயற்கை வனப்பகுதிகளில் குறித்த பாதையை விட்டு விலகினால் தேசியப் பூங்காக் கழகம் அபராதம் விதிக்கும். மேற்குப் பகுதியில் ராணுவம் சுடும் பயிற்சி நடத்தும் இடங்கள் உண்டு. எச்சரிக்கைப் பலகை தமிழிலும் இருக்கும். “பார்க்கவில்லை” என்ற சாக்கு எடுபடாது. பாதைக்கு வெளியே இருக்கும் கல்லை, அனுமதி இல்லையென்றால் விட்டுவிடுவதே சரி.

புதர் வெட்டப் பாராங் கத்தி எடுத்துப் போகிறார்கள் சிலர். தக்க காரணமின்றி அதைப் பொது இடத்தில் வைத்திருப்பதே குற்றம், செடியை வெட்டுவது அதற்கு மேல். வெட்டினாலும் ரெசாம் பெரணியிடம் பலிக்காது. அதன் கம்பித் தண்டுகள் மார்பளவுக்குப் பின்னிக் கிடக்கும். கீழே இருப்பது தரையா, அரித்த பள்ளமா, பழைய வாய்க்காலா என்று கண்ணுக்குத் தெரியாது. குச்சியால் குத்திப் பார்க்காமல் காலை வைக்காதீர்கள். சுற்றிப் போவதுதான் வேகமான வழி. இலைகளைச் சேர்த்துப் பின்னிய முசுறு எறும்புக் கூட்டைத் தோளால் இடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். முழுக்கைச் சட்டை கட்டாயம். தண்ணீர் மணிக்கு அரை லிட்டர்.

இடி கேட்டால் உச்சியிலிருந்து உடனே இறங்கிவிடுங்கள். சூரியன் மறைய 7 மணியானாலும் மரங்களுக்கடியில் அதற்கு முன்பே இருட்டிவிடும். 5 மணிக்குக் கல் கிடைக்கவில்லையென்றால் திரும்புங்கள்.

இடத்தை அடைந்ததும் திரையிலுள்ள புள்ளியையே வெறித்துக்கொண்டிருக்க வேண்டாம். அடர்ந்த இலைகளுக்குக் கீழே ஜிபிஎஸ் 10, 20 மீட்டர் தள்ளிக் காட்டும். முகட்டை வட்டமாகச் சுற்றிவந்து கான்கிரீட் தூண், செதுக்கிய கல், பித்தளை ஆணி என்று தேடுங்கள். கண்டதையெல்லாம் அளவைக் கல் என்று எண்ணிவிடாதீர்கள். டபிள்யூ.டி. எழுத்தும் அம்புக்குறியும் இருந்தால் அது பிரிட்டிஷ் போர்த்துறை நிலத்தின் எல்லைக்கல். புக்கிட் தீமா உச்சியில் 163 மீட்டர் என்று உயரம் காட்டும் பாறை பார்வையாளர்களுக்கானது.

பாசியைக் கம்பித் தூரிகையால் தேய்த்தால் எழுத்தும் சேர்ந்து போய்விடும். சுண்ணக்கட்டி பூசுவதும் வேண்டாம். கைவிளக்கைக் கல்லின் பக்கவாட்டில், ஏறக்குறையப் படுக்கையாகப் பிடித்து ஒளி பாய்ச்சிப் படமெடுங்கள். வெறுங்கண்ணுக்குத் தெரியாத எழுத்தும் நிழலில் எழும். கல்லை அசைப்பதும் தோண்டுவதும் சட்டவிரோதம். பக்கத்தில் துருப்பிடித்த உருளையோ குண்டு போன்ற எதுவோ தெரிந்தால் தொடாமல் விலகி, இடத்தைக் குறித்துக்கொண்டு 999 அழையுங்கள்.